நடுப்பலகையில் பிளாரன்ஸ்

கப்பலை விட்டு இறங்கி மூன்று நாள் ஆயிற்று. மூன்று நாளும் பிளாரன்ஸுக்குத் தலை கிறுகிறுவென்றுதான் இருந்தது.

பின்னே என்ன? அவள் பிறந்து வளர்ந்த கொழும்பில் சூரியன் சாயங்காலம் கடலுக்குள் இறங்கும். இந்தத் தூத்துக்குடியிலோ காலையில் கடலுக்குள்ளிருந்து ஏறி வந்தது. முதல் நாள் விழித்ததும் அதைப் பார்த்துவிட்டு, ஒரு பகல் முழுக்கத் தூங்கிவிட்டோம் என்று நினைத்து அழவே போய்விட்டாள். அவள் வழக்கம்போல 'ஓம்' என்றால் வீட்டில் எல்லாரும் சிரித்தார்கள். இங்கே அதற்கு 'ஆமா' என்று சொல்ல வேண்டுமாம்.

அது வேறு நாடு, அங்கே என்ன வழக்கமோ அப்படியே நீயும் நடந்துகொள், கேள்வி கேட்டு உயிரை வாங்காதே என்று அப்பா கப்பலேற்றும்போதே சொல்லியனுப்பியிருந்தார். அவர் கூட வரவில்லை. யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. கொழும்புத் துறைமுகத்தில் வேலை நெருக்கடி, லீவு கிடைக்கவில்லை.

அம்மாதான் பிளாரன்ஸையும் தம்பிப் பாப்பாவையும் கூட்டிக்கொண்டு கடல் தாண்டி வந்திருந்தாள். பாப்பாவுக்குத் தன் ஊர் மாதா கோயிலில்தான் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்பது அவள் ஆசை. ஞாயிற்றுக்கிழமை காலை சடங்கு. அம்மாவின் அண்ணன் பாஸ்கல் மாமா ஞானத்தகப்பன். அப்பா வராததால், அப்பாவின் அண்ணன் இஞ்ஞாசிப் பெரியப்பா பிள்ளையை ஏந்த வேண்டும்.

ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி அம்மா அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருவர்தான் வருவார் போலிருக்கிறதாம். ஏன் என்று பிளாரன்ஸ் கேட்டதற்கு, அது பெரியவர்கள் சமாச்சாரம் என்று சொல்லிவிட்டாள்.

சனிக்கிழமை விடியும்போதே பாஸ்கல் மாமா வாசலில் வந்து நின்றார்.

"ஏளா, தீவு பாக்க வாரியா?"

"ஓம் மாமா... ஆமா மாமா" என்று பிளாரன்ஸ் ஓடினாள்.

கரையில் 'மரியநேசம்' என்று பெயர் எழுதிய வள்ளம் ஆடிக்கொண்டிருந்தது. மாமாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவான பாய்மர வள்ளம். பெரியப்பா ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்தார். அடடே, இரண்டு பேரும் ஒன்றாகத்தானே தொழில் செய்கிறார்கள், அம்மா எதற்கு வீணாக அழுதாள் என்று பிளாரன்ஸ் நினைத்துக்கொண்டாள்.

பின்னால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மாமா. முன்னால் பாய்க்கயிற்றோடு பெரியப்பா. நடுப்பலகையில் பிளாரன்ஸ். வள்ளம் துறைமுகத்தைத் தாண்டியதும் மாமா பேசினார்.

"பாயக் கொஞ்சம் எளக்கணும்னு பெரியப்பாட்ட சொல்லு."

பெரியப்பா கூப்பிடு தூரத்தில்கூட இல்லை, கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தார். காது கேட்காதோ என்று பிளாரன்ஸ் சத்தமாகவே சொன்னாள்.

"எனக்கென்ன காது செவிடா? எளக்கியாச்சுன்னு மாமாட்ட சொல்லு" என்றார் பெரியப்பா.

அவள் திரும்பி மாமாவிடம் சொன்னாள். சரி என்று சொல்லச் சொன்னார் மாமா. அதையும் சொன்னாள்.

பிளாரன்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. கொழும்பில் வெள்ளைக்காரத் துரை பேசினால் நடுவில் ஒருவர் நின்று தமிழில் சொல்வார். இங்கே இரண்டு பேருமே தமிழ்தானே பேசுகிறார்கள்? அப்புறம் அப்பா சொன்னது ஞாபகம் வந்தது. இந்த நாட்டு வள்ளங்களில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது. வழக்கம் என்றால் வழக்கம். நிமிர்ந்து உட்கார்ந்து, முன்னாலும் பின்னாலும் திரும்பித் திரும்பிச் சேதி சொன்னாள்.

கலங்கரை விளக்கோடு ஒரு தீவு வந்தது. பாண்டியன் தீவு என்றார் மாமா. சற்றுப் பொறுத்து, அதோ முயல் தீவு என்றார் பெரியப்பா. பிளாரன்ஸ் விரலை மடக்கி இரண்டு என்று எண்ணினாள். ஒரே தீவுக்கு இரண்டு பெயர் என்று அவளுக்கு யார் சொல்வது? முயலையாவது காட்டுங்கள் என்று கேட்டாள். முயலும் கிடையாது, பாண்டியனும் கிடையாது என்றார் மாமா.

அதற்குப் பிறகு காசுவாரி தீவைச் சுற்றினார்கள். பச்சைக் கண்ணாடியாய்த் தண்ணீர், அடியில் பவளப்பாறை, அதற்குள் மஞ்சள் மீன்கள். ஆனால் அவள் குனிந்து பார்க்கும்போதெல்லாம் ஒரு சேதி வந்துவிடும். பார்த்தது பாதி, பார்க்காதது பாதி.

மத்தியானம் வான் தீவில் இறங்கிச் சோற்றுச் சட்டியைத் திறந்தார்கள். மாமா ஒரு புதருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பெரியப்பா அந்தப் பக்கம் உட்கார்ந்தார். கருவாட்டுக் குழம்பைத் தூக்கிக்கொண்டு பிளாரன்ஸ் அங்கும் இங்கும் நடந்தாள். கால் சுட்டது.

பெரியப்பா அவளைப் பார்த்து இரக்கப்பட்டார். "பொன்னுதுரைக்குக் காய்ச்சல். இல்லாட்டா உன்னைக் கஷ்டப்படுத்துவோமா?"

"வள்ளத்தில் அவர் என்ன வேலை செய்வார்?"

"இப்ப நீ செய்யுத வேலைதான்."

"இங்கே எல்லா வள்ளத்திலும் இப்படித்தானா, பெரியப்பா?"

பெரியப்பாவுக்குப் புரை ஏறிவிட்டது. தண்ணீர் குடித்துவிட்டு, மணலைப் பார்த்துக்கொண்டே, தனக்கும் அவள் மாமாவுக்கும் போன வருஷம் மாதா திருவிழாவிலிருந்து பேச்சு கிடையாது என்றார். தன்னை விருந்துக்குக் கூப்பிடவில்லையாம். பிளாரன்ஸ் புதரைச் சுற்றிக்கொண்டு மாமாவிடம் போனாள். மாமாவோ, ஆளனுப்பிக் கூப்பிட்டேன், இலையைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன், அவர்தான் வரவில்லை என்றார்.

எது நிஜம்? அவளுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. ஆனால் ஒன்று மட்டும் விளங்கிவிட்டது. அம்மா அழுதது இதற்குத்தான்.

இன்னொன்றும் விளங்கியது. இவர்கள் தீவு காட்ட அவளைக் கூட்டி வரவில்லை. பொன்னுதுரைக்குப் பதிலாகக் கூட்டி வந்திருக்கிறார்கள். பிளாரன்ஸுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. குழம்புச் சட்டியை மணலில் வைத்துவிட்டுக் கடலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள்.

திரும்பும்போது தண்ணீர் வற்றத் தொடங்கியிருந்தது. முன்னால் வெளுப்பாக ஒரு திட்டைப் பார்த்துவிட்டு, பாயை இறக்கணும் என்று சொல்லச் சொன்னார் மாமா. பிளாரன்ஸ் திரும்பினாள், சொன்னாள். அந்தச் சொல் பெரியப்பாவிடம் போய்ச் சேர்வதற்குள் வள்ளம் மணலில் போய்ச் சேர்ந்துவிட்டது. சர்ரென்று அடி உரசி, நின்றேவிட்டது.

இப்போது தள்ளி இறக்காவிட்டால் தண்ணீர் இன்னும் வற்றிவிடும். ராத்திரி முழுக்க இங்கேதான். காலையில் கோயில் மணி அடிக்கும்போது மாமாவும் இல்லை, பெரியப்பாவும் இல்லை. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு அம்மா தனியாக நிற்பாள்.

மாமாவும் பெரியப்பாவும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்தார்கள்.

"நான் ஏலேலோம்பேன். நீ ஐலசான்னு சொல்லு. அந்த ஐலசாவுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத் தள்ளணும்" என்றார் மாமா.

"ஏலேலோ" என்றார். பிளாரன்ஸ் "ஐ... ஐலசா" என்றாள். அவள் இழுத்துச் சொல்வதற்குள் மாமா தள்ளி முடித்திருந்தார். அதற்குப் பிறகு பெரியப்பா தள்ளினார். வள்ளம் அந்தப் பக்கம் ஆடியது, இந்தப் பக்கம் ஆடியது, நின்றது. நாலு தடவை இதே கதை. தண்ணீர் முழங்காலுக்குக் கீழே இறங்கிவிட்டது.

பிளாரன்ஸ் யோசித்தாள். காலையிலிருந்து இவர்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது யார்? அவள்தானே?

மாமா மறுபடி "ஏலேலோ" என்றார். பிளாரன்ஸ் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏளா, சொல்லு."

மாட்டேன் என்று அவள் தலையை ஆட்டினாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை எடுக்கவில்லை.

"ஏலேலோ" என்று இன்னும் உரக்கக் கூப்பிட்டார் மாமா. கடல்தான் சலசலத்தது. முப்பது வருஷமாக ஏலேலோ என்றால் ஐலசா என்று பதில் சொல்லிப் பழகிய தொண்டை, வள்ளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தது. அது எவ்வளவு நேரம்தான் சும்மா இருக்கும்?

"ஏலேலோ..."

"ஐலசா!" என்று பெரியப்பாவின் குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

வள்ளம் ஒரு சாண் நகர்ந்தது. ஏலேலோ, ஐலசா. ஒரு முழம். ஏலேலோ, ஐலசா. ஆழத்தில் மிதந்தேவிட்டது.

இருவரும் ஏறி, சொட்டச் சொட்ட அவரவர் இடத்தில் உட்கார்ந்தார்கள். பிளாரன்ஸ் இன்னும் வாயிலிருந்து கையை எடுக்கவில்லை. பெரியப்பா தொண்டையைச் செருமினார். அவள் தலைக்கு மேலாகப் பார்த்தார்.

"மச்சான், பாய ஏத்தட்டா?"

மாமா சுக்கானைத் துறைமுகத்தை நோக்கித் திருப்பினார். அப்புறம் சொன்னார்: "ஏத்தும்."

பாய் ஏறியது. பாதி வழி வந்தபின், அன்றைக்கு ஆளனுப்பினேனே என்றார் மாமா. ஒருத்தரும் வந்து கூப்பிடவில்லையே என்றார் பெரியப்பா. யாரை அனுப்பினீர் என்று கேட்டார்.

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டார். "பொன்னுதுரையை."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் சிரித்தது யாரென்று பிளாரன்ஸுக்குத் தெரியவில்லை. ஏனென்றால் அவள் குனிந்து மீன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஞானஸ்நானத் தொட்டியருகே பெரியப்பா பாப்பாவை ஏந்தி நின்றார். மெழுகுவர்த்தியோடு மாமா நின்றார். நடுவில் பிளாரன்ஸ். தண்ணீர் பட்டதும் பாப்பா ஊரையே கூட்டியது. அம்மா கண்ணைத் துடைத்தாள், ஆனால் சிரித்துக்கொண்டே துடைத்தாள்.

"மச்சான், பிள்ளை தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடியும்" என்றார் மாமா மெதுவாக.

பழக்க தோஷம், பிளாரன்ஸ் சட்டென்று பெரியப்பா பக்கம் திரும்பி வாயைத் திறந்துவிட்டாள். அதற்குள் பெரியப்பா பாப்பாவின் தலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

திறந்த வாயை என்ன செய்வது என்று தெரியாமல், அவள் எல்லாரோடும் சேர்ந்து 'ஆமென்' என்று சொல்லிவைத்தாள்.