எண்பதாவது பதில்

காலை ஏழு மணிக்கு ஜெசிந்தா ஒரு தலைவலி மாத்திரை கேட்டாள். சமையலறைச் சுவரில் பதித்திருந்த மருந்து வார்ப்பான், "ஆதாரம்?" என்றது.

"நூற்றுப் பன்னிரண்டு ஆய்வுகள். முதல் தரம்," என்றாள், பல் துலக்கிக்கொண்டே. வார்ப்பான் ஒரு வெள்ளை மாத்திரையைத் துப்பியது.

நிலவின் தென்முனைக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் காலைப்பொழுது இப்படித்தான். பூமியிலிருந்து வரும் கலங்களில் மருந்துப் பெட்டிகளுக்கு இடமில்லை. மூலப்பொருள்கள் மட்டும் வரும். வார்ப்பான் அவற்றை அணு அணுவாகக் கோத்து, கேட்ட மருந்தைச் செய்து தரும். எதைக் கேட்டாலும் செய்யும் என்பதுதான் முதலில் தொல்லையாக இருந்தது. ஆரம்பத்தில் குடியேறியவர்கள் யாரோ சொன்னதையும் எங்கோ படித்ததையும் வார்த்து விழுங்கி, மூன்று ஆண்டுகளில் பதினொரு பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு வார்ப்பானைச் சான்றகத்தோடு இணைத்துவிட்டார்கள். இதுவரை நடந்த மருத்துவ ஆய்வுகள் அனைத்தையும் திரட்டி, எதை எவ்வளவு நம்பலாம் என்று தரம் பிரித்து வைத்திருக்கும் இணைய நூலகம் அது. இரண்டாம் தரத்துக்குக் கீழே என்றால் வார்ப்பான் வாய் திறக்காது. டாக்டர் கெஞ்சினாலும் மசியாது.

உள்ளறையில் அவள் கணவன் சூசை இருமினான்.

நிலவில் காற்றும் இல்லை, மழையும் இல்லை. அதனால் அங்குள்ள தூசியின் கூர் மழுங்குவதே இல்லை. கோடி ஆண்டுகளுக்கு முன் நொறுங்கிய துகளும் நேற்று உடைந்த கண்ணாடிபோல் இருக்கும். பனிச்சுரங்கத்தில் வேலை பார்த்த சூசையின் நுரையீரலில் அந்தக் கண்ணாடி குடியேறியிருந்தது. ஆறு ஆண்டுகளுக்கு முன்பும் இதே இருமல் வந்தது. அப்போது துகளுமிழி என்ற புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்த்தார்கள், சூசையும் சேர்ந்தான். மூன்றே வாரத்தில் இருமல் நின்றது. இப்போது திரும்பி வந்திருக்கிறது. நுரையீரல் இன்னும் பத்து நாள் தாங்கும் என்று டாக்டர் நேற்றுச் சொல்லிவிட்டார்.

துகளுமிழி என்றதும் வார்ப்பான் சொன்னது: "சான்று போதவில்லை." நான்கு நாளாக ஜெசிந்தாவே சான்றகத்தைத் துழாவினாள். மருந்தின் பெயரைப் போட்டாள், நோயின் பெயரைப் போட்டாள், சுரங்கம், தூசி, இருமல் என்று மாற்றி மாற்றிப் போட்டாள். எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் கடைசி வரி ஒன்றாகவே இருந்தது: மேலும் ஆய்வு தேவை.

"என்னட்டி, கெடச்சுதா?" என்றான் சூசை. இருவரும் தூத்துக்குடியிலிருந்து மேலே வந்தவர்கள்.

"இன்னும் இல்ல. இன்னைக்குத் தேடுநர்ட்டப் போறேன்."

"எதுக்குப் போற? நான்தான் ராவும் பகலும் இருமி இருமி ஆய்வு பண்ணுதேம்லா!" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாயிற்று. வாயைத் துடைத்த துணியை அவள் பார்க்காதபடி மடித்துக்கொண்டான். அவள் பார்த்துவிட்டாள்.

தேடுநர் கபீர், சான்றகத்தில் சாதாரணத் தேடலுக்கு எட்டாத மூலைகளைத் திறக்க அனுமதி பெற்றவர். எதையும் விளக்காமல் விடமாட்டார்.

"எங்க வீட்டுக்காரருக்கே அதுல சரியாச்சு பாய். இதவிட என்ன சான்று வேணும்?"

"ஒருத்தருக்குச் சரியாச்சுன்னா அது சேதிம்மா. இருமல் தானாவும் போகும்ல? மருந்து எடுத்தவங்களையும் எடுக்காதவங்களையும் வச்சு, வருசம் கழிச்சு யாரு எப்படி இருக்காங்கன்னு கேக்கணும். ரெண்டு பக்கமும் எம்பது பேராவது பதில் சொல்லணும். அப்பத்தான் சான்று." பேசிக்கொண்டே தேடியவர் சட்டென்று நிமிர்ந்தார். "இந்தா இருக்கு, அந்த ஆய்வு! பக்கத்துக்குத் தொண்ணூறு பேரு."

"பொறவு ஏன் போதாதுங்குது?"

கபீர் திரையை அவள் பக்கம் திருப்பினார். "மருந்து கிடைக்காத தொண்ணூறு பேரும் பதில் சொல்லியிருக்காங்க. மருந்து எடுத்தவங்கள்ல எழுபத்தொன்பது. கஷ்டப்படுறவன் கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிருவான். நல்லானவனுக்கு ஏது நேரம்? மருந்து நல்லா வேலை செஞ்சிருக்கும்மா. அதுலதான் காரியம் கெட்டுது. ஒரே ஒரு பதில் குறையுது."

பதில் சொல்லாத பதினொரு பேரின் எண்கள் கீழே இருந்தன. ஐந்தாவது எண் நாற்பத்தேழு. ஆய்வின்போது சூசையின் மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் இருந்த எண். அந்தப் பட்டை இன்னமும் அவள் சாவிக்கொத்தில் தொங்கியது. எண்ணுக்கு எதிரே எழுதியிருந்தது: நினைவூட்டல்கள் முப்பத்தொன்று. கடைசி நிலை: 'பிறகு'.

சுரங்கக் கையுறையோடு கைபேசியை எடுக்க முடியாதென்று சூசை அன்று அவள் எண்ணைத்தான் கொடுத்திருந்தான். உங்கள் அனுபவத்தைப் பகிர இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா? இப்படித்தான் எல்லாமே கேட்கும். தண்ணீர்க் குழாய் கேட்கும், காற்றுக் கதவு கேட்கும், பாத்திரம் துலக்கும் இயந்திரம் நட்சத்திரம் கேட்கும். முதல் வரியோடு 'பிறகு' என்று தள்ளிவிட அவள் கட்டைவிரல் எப்போதோ பழகியிருந்தது.

"நான்தான் பாய்," என்றாள். "நாந்தான் தள்ளிவிட்டேன். இப்ப சொல்லுதேன், எழுதிக்கிடுங்க. மூணே வாரத்துல நின்னுச்சு. ஆறு வருசம் நல்லா இருந்தாரு."

"நான் எழுதினா அதுவும் சேதிதாம்மா. அந்த வினாத்தாள்ல வந்தாத்தான் கணக்கு. அத மூடி அஞ்சு வருசமாச்சு." கபீர் வேறு பக்கம் பார்த்தார். "திறக்கச் சொல்லிப் பூமிக்கு எழுதுறேன். அங்க ஆளு கிடையாது, இயந்திரம்தான். ஏதாவது சேதி வந்தா வீட்டுக்கு வந்து சொல்றேன். நம்பிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க."

வீட்டில் சூசை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு விட முடியவில்லை.

"என்னவாம்?"

"மேலும் ஆய்வு தேவையாம்," என்றாள்.

"தேவைதான். என்னைய அறுத்துப் பாக்கச் சொல்லு," என்றான். இந்த முறை அவனுக்கே சிரிப்பு வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சுக்கு மூச்சு உள்ளே ஏதோ உரசும் ஒலி கேட்டது.

மடியில் கைபேசி அதிர்ந்தது. கண்ணீரூடே முதல் வரி தெரிந்தது: உங்கள் அனுபவத்தைப் பகிர இரண்டு நிமிடம் ஒதுக்க முடியுமா?

இந்த நேரத்திலா! பல்லைக் கடித்துக்கொண்டு, வழக்கமான 'பிறகு' என்பதை விட்டு, அதற்குப் பக்கத்தில் இருந்த 'இனி எப்போதும் கேட்க வேண்டாம்' என்பதை அழுத்தினாள். இரண்டாம் வரியை அவள் பார்க்கவில்லை: பங்கேற்பாளர் 47க்காகத் துகளுமிழி ஆய்வு மீண்டும் திறக்கப்பட்டுள்ளது. இதுவே இறுதி அழைப்பு.

அவள் பதில் ஒன்றேகால் நொடியில் பூமியை அடைந்தது. அங்கிருந்த இயந்திரம் தனக்கு வந்ததை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை பொறுமையாகப் படித்தது. படித்துவிட்டு, அவள் கேட்டுக்கொண்டபடியே செய்தது.