மூச்சுக்கோடு

மகாதேவன் ஊதியும் திரையில் கோடு அசையவில்லை.

தகட்டில்தான் கோளாறு என்று ஸ்ரீவித்யா நினைத்தாள். ரஞ்சன்காவ் தொழிற்பேட்டையில் அவள் வேலை பார்த்த சிறு நிறுவனம், கார்பன் நுண்குழாய்களின் மேல் ஒரு ரசாயனத்தைப் பூசி, மூச்சுக்காற்று பட்டதும் மின்னோட்டம் மாறும் நகத்தளவு தகடுகளைச் செய்து, ஆஸ்பத்திரிகளுக்கு விற்கக் கிளம்பியிருந்தது. திங்கட்கிழமை வாங்குபவர்கள் வருகிறார்கள். வீட்டில் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று ஞாயிறு மதியம் வானவடியில் இருந்த தங்கள் ஃபிளாட்டில் கருவியைத் திறந்திருந்தாள்.

அவள் ஊதினாள். அலை எழுந்தது. ஆறு வயது மகள் சஹானா ஊதினாள். சின்ன அலை. புதுத் தகடு போட்டு மறுபடி கணவனிடம் நீட்டினாள். நேர்கோடு.

"பேட்டரி போயிருக்கும்," என்றான். பேசும்போதும் கோடு அசையவில்லை.

மூன்று மாதம் முன்பு நகர் ரோடு நெடுஞ்சாலையில் லாரி அவன் பைக்கை இடித்தது. பிழைக்கமாட்டார் என்று இரவு சொன்ன டாக்டர்கள், காலையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றார்கள். அவள் அன்று அழவும் இல்லை, மகிழவும் இல்லை. அதன்பிறகு சமைத்தாள், கம்பெனி பஸ் பிடித்தாள், திரும்பி வந்தாள். அவன் சட்டைகளில் வியர்வை வாடையே இல்லாததைத் துவைக்கும்போது கவனித்திருந்தாள். கவனித்ததோடு சரி.

"அப்பா கை தண்டா இருக்கு மம்மி, ஐஸ் மாதிரி," என்றபடி சஹானா அவனோடு படுக்கப் போனாள்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பும் சத்தமும், பக்கத்து வீட்டுக் குக்கரின் பருப்பு வாசனையும், திரைச்சீலை வழியே வந்த மங்கிய மஞ்சள் வெளிச்சமுமாக மதியம் நகர்ந்தது. பிறகு ஸ்கூட்டர் போய்விட்டது. வீடு அமைதியானது. அவள் கருவியோடு படுக்கையறைக்குப் போனாள்.

மகள் அவன் மார்பில் முகம் புதைத்துத் தூங்கினாள். ஸ்ரீவித்யா இருவர் முகத்துக்கும் நடுவே தலையணை ஓரத்தில் தகட்டை வைத்தாள்.

இரண்டு பேர். ஒரே அலை.

அடுத்தது சற்றுத் தாழ்வாக வந்தது. அதற்கடுத்தது இன்னும் தாழ்வாக.

குழந்தையை இழுக்க வேண்டும். தெரிந்தது. கை எழவில்லை.

மகாதேவன் கண் திறந்திருந்தது. அவன் மார்பு இப்போது மெல்ல ஏறியது. இறங்கியது.

"சத்தம் போடாத வித்யா. இப்பதான் தூங்கினா."

அவன் கை சஹானாவின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தது. திரையில் பெரிய அலைகள். ஒரே ஆளின் அலைகள். சீராக.

சஹானாவின் முதுகு அசையவில்லை.