கழுத்துவரை நின்ற தண்ணீர்

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லாரிப் பட்டறை மெக்கானிக் ஒருவன், துண்டில் சுற்றிய பிளாஸ்கைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு கம்பவுண்டர் வீட்டு வாசலில் வந்து நின்றான். கம்பவுண்டர் முப்பத்தொரு வருடம் ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். யார் வீட்டில் என்ன கோளாறு என்றாலும் ஊரார் டாக்டரிடம் போவதற்கு முன் அவரிடம் வருவார்கள். டாக்டர் திட்டுவார், இவர் கேட்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

அன்று அவரோடு அவருடைய சம்பந்தியும் இருந்தார். கம்பவுண்டரின் மகளைத் தன் மகனுக்குக் கட்டிக்கொண்டவர். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இல்லாதவனைக் கண்டுபிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. ஓய்வு பெற்ற பிறகு பிடிப்பதற்கு ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"இதுல என்ன கலந்திருக்குன்னு பார்த்துச் சொல்லுங்கய்யா. என் தங்கச்சிய யாரோ கொஞ்சம் கொஞ்சமாக் கொல்றாங்க" என்றான் மெக்கானிக்.

வாய்தான் யாரோ என்றது. யாரை நினைத்துச் சொல்கிறான் என்பது முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. சம்பந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். அப்பா அம்மா இல்லாத தங்கையை இவன்தான் வளர்த்தான். அவள் சரக்குக் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை பார்த்துக்கொண்டே தீயணைப்புப் படைக்கு எழுத்துத் தேர்வு எழுதித் தேறிவிட்டாள். ஓட்டத் தேர்வு இன்னும் பத்து நாளில். ஆறு மாதமாகச் செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடிகாலையில் மைதானத்துக்குப் போய் முழு வேகத்தில் ஓடுவாள். நாலு வாரமாக, ஓடி முடித்ததும் குமட்டல், வாந்தி, அரை நாள் படுக்கை. மற்ற நாட்களில் ஒரு தொந்தரவும் இல்லை. அந்த மூன்று நாளும் உப்பும் சர்க்கரையும் போட்ட எலுமிச்சைத் தண்ணீரை பிளாஸ்கில் எடுத்துக்கொண்டு துணைக்குப் போகிறவள் இவனுடைய மனைவி. இந்த வேலையே வேண்டாம், நெருப்பில் போய் நிற்க நம் வீட்டுப் பிள்ளைதான் கிடைத்தாளா என்று முதல் நாளிலிருந்தே மறித்தவளும் அவள்தான்.

"ரெண்டு வாரமா, கலக்கினதும் என் கண்ணு முன்னாடி என் பொண்டாட்டியையே ஒரு மடக்கு குடிக்கச் சொல்றேன். அப்புறம்தான் பிளாஸ்க்ல ஊத்தணும். அப்பவும் வாந்தி நிக்கல. வழியில எதையோ போடுறா" என்றான். "சாயங்காலம் அவங்க அம்மா வீட்டுக்குக் கிளம்பச் சொல்லிட்டேன். திரும்பி வர வேண்டாம்னும் சொல்லிட்டேன்."

சம்பந்திக்கு அதற்குமேல் விசாரணையே தேவைப்படவில்லை. கம்பவுண்டரோ, அந்தப் பெண் ஓடுவதற்கு முன் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஐந்து மணிக்கு எழுந்து அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தயாராவாள், அப்போது உள்ளே போவது ஒரே ஒரு மடக்குத் தண்ணீர்தான் என்றான். வெயில்? ஆறு மணிக்கு ஏது வெயில். ஓடியதும் பொத்தென்று உட்கார்ந்துவிடுகிறாளா? இல்லை, பயிற்சியாளர் சொன்னபடி ஒரு சுற்று மெதுவாக நடந்துவிட்டுத்தான் நிற்பாள்.

ஓடும்போது ரத்தமெல்லாம் காலுக்குப் போய்விடும், வயிறு கவனிப்பாரில்லாமல் கிடக்கும் என்றார் கம்பவுண்டர். வயிறு முட்டத் தின்றுவிட்டு ஓடினாலும் குமட்டும், சுத்தமாகக் காய்ந்த வயிற்றோடு ஓடினாலும் குமட்டும். "ஆனா உங்க தங்கச்சி ஆறு மாசமா இதே வெறும் வயித்துலதான ஓடுது? அஞ்சு மாசம் வராதது இப்ப ஏன் வந்துச்சு?" என்று கேட்டார்.

பிளாஸ்க் காலையில் மைதானத்துக்குப் போய் வந்ததுதானா என்று கேட்டுக்கொண்டு அதன் மூடியைத் திருகினார். கழுத்துவரை நின்ற தண்ணீர் துளும்பி மேசைத் துணியை நனைத்தது. ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வைக்கப் போனவரின் கையை சம்பந்தி எட்டிப் பிடித்தார்.

"உப்பு ஒரு சிட்டிகை கூட" என்றார் கம்பவுண்டர், கையை விடுவித்து அதை நக்கிப் பார்த்துவிட்டு. "வேற ஒண்ணும் தெரியல. வாங்க, வீட்டைப் பார்ப்போம்."

வீடு மாடியும் கீழுமாக இரண்டே அறை. வாசலில் அந்தப் பெண்ணின் ஓட்டக் காலணிகள் ஜோடியாக இருந்தன. கம்பவுண்டர் குனிந்து இரண்டையும் திருப்பிப் பார்த்தார். இடது காலணியின் அடி வழுவழுவென்று தேய்ந்திருந்தது. வலது காலணியின் அடியில் கடையில் பார்க்கிற வரிகள் அப்படியே இருந்தன. எப்போது வாங்கியது என்று கேட்டார். அஞ்சு வாரம் ஆச்சு என்றான் மெக்கானிக்.

சம்பந்தியின் கண் வேறெங்கோ இருந்தது. படிக்கட்டின் அடியில் கட்டி வைத்த பை. பக்கத்தில் தையல் இயந்திரத்தின் முன்னால், தைக்காமல் உட்கார்ந்திருந்தாள் மெக்கானிக்கின் மனைவி. அழுது முடித்த முகம். வந்தவர்களை வாங்க என்றுவிட்டு, நூல்கண்டைச் சுற்றத் தொடங்கினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று சம்பந்தி மனதுக்குள் சொல்லிக்கொண்டார்.

தங்கையைக் கீழே வரச் சொன்னார்கள். வெளுத்த முகத்தோடு, கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, வலது காலை ஒரு படி இறக்கி, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, மறுபடி வலது காலை இறக்கி என்று வந்தாள். பாவம், எவ்வளவு பலவீனம் என்று நினைத்தார் சம்பந்தி. தன் மருமகளின் வயதுதான் இருக்கும்.

வாந்தி எடுத்தவள் மல்லாந்து படுக்கக் கூடாது என்று கம்பவுண்டர் அவளை ஜன்னல் ஓரம் சாய்ந்து உட்காரவைத்தார். பிறகு எல்லாரையும் உட்காரச் சொன்னார்.

"வாந்தி எடுத்தது எப்பம்மா, பிளாஸ்க் தண்ணியக் குடிச்சப்புறமா?"

அவள் அண்ணனைப் பார்த்துவிட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

"பொய் சொல்ற" என்றார் கம்பவுண்டர். குரல் உயரவில்லை. "பிளாஸ்க் கழுத்துவரைக்கும் நின்னுது. நான் திறந்தப்ப மேசையெல்லாம் நனைஞ்சுது, இதோ சம்பந்தி சாட்சி. ஒரு வாய்கூட யாரும் குடிக்கல. குடிக்காத தண்ணி எப்படிம்மா குமட்டும்?"

சம்பந்தியின் கண்ணெதிரே துளும்பிய தண்ணீர்தான் அது. ரயிலில் இப்படி ஒருத்தன் தப்பியிருந்தால் வேலையை ராஜினாமா செய்திருப்பார்.

"அவ குடிக்கலன்னு நான் காலைலயே சொன்னேன், இவரு நம்பல" என்றாள் அண்ணி.

கம்பவுண்டர் நிதானமாகத் தொடர்ந்தார். தண்ணீரில் இல்லை என்றால், ஓடுவதற்கு முன் உள்ளே போனதில் இருக்க வேண்டும். முன்னால் போனது ஒரே ஒரு மடக்குத் தண்ணீர், அதுவும் கதவைச் சாத்திக்கொண்டு. தாகத்துக்குக் குடிக்கிறவர்கள் கதவைச் சாத்துவதில்லை. ஒரு மடக்கு என்பது மாத்திரை விழுங்குகிற அளவு. என்ன மாத்திரை என்பதைக் காலணி சொல்லிவிட்டது. ஒரே நாளில் வாங்கிய ஜோடியில் ஒன்று தேய்ந்து ஒன்று புதிதாக இருக்கிறதென்றால், ஒரு கால் இன்னொரு காலின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது. மாடிப்படியும் அதையே சொல்லியது. நோகிற காலைத்தான் யாரும் முதலில் இறக்குவார்கள்.

"எழுந்து வலது கால்ல மட்டும் நில்லும்மா, பார்க்கலாம்."

அவள் எழுந்தாள். இடது கால் தரையை விட்டு ஒரு விரற்கடைகூட எழும்பவில்லை. உடம்பு சாய்ந்தது, எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்து தாங்கியவள் அண்ணிதான்.

அந்தக் கை பட்டதும் அவள் உடைந்துபோனாள். ஐந்து வாரத்துக்கு முன் கிடங்கு மேடையிலிருந்து குதித்ததில் முட்டி பிசகியதாம். சொன்னால் ஓடவிடமாட்டார்கள் என்று கூட வேலை செய்கிறவளிடம் வலி மாத்திரை வாங்கி, வேகமாக ஓடுகிற நாளில் மட்டும் வெறும் வயிற்றில் இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறாள். காய்ந்த வயிற்றில் அந்த மாத்திரை அமிலத்தை ஊற்றினாற்போல வேலை செய்யும், அதன்மேல் ஓட்டம் வேறு என்றார் கம்பவுண்டர்.

"அண்ணன் அண்ணிய சந்தேகப்பட்டுச்சு. நான் இல்லைன்னு சொல்லல" என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி. "அண்ணி இல்லைன்னு சொன்னா வேற காரணம் தேடுவாங்க. பத்து நாள்தானேன்னு நினைச்சேன்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"இன்னும் ஒண்ணு கேக்கணும்" என்றார் கம்பவுண்டர். "இன்னிக்கு வாந்தியில காப்பித்தூள் மாதிரி கருப்பா எதாவது வந்துச்சா?"

மிகச் சின்னக் குரலில், வந்தது என்றாள். வியாழக்கிழமையும் வந்தது.

அப்போதுதான் கம்பவுண்டரின் முகம் மாறியதை சம்பந்தி பார்த்தார். வயிற்றுக்குள் புண்ணாகி ரத்தம் கசிகிறது, இது வீட்டில் வைத்துப் பார்க்கிற குமட்டல் இல்லை, இந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், அதுவரை வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார். ஓட்டத் தேர்வைப் பற்றி அவள் கேட்க வாயெடுத்தாள். அடுத்த வருஷமும் தேர்வு வரும் என்றார். சம்பந்தி வண்டி பிடிக்கத் தெருவுக்கு ஓடினார்.

வண்டியோடு திரும்பி வந்தபோது, அண்ணி படிக்கட்டின் அடியிலிருந்த தன் பையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தன் புடவைகளை எடுத்துத் தையல் இயந்திரத்தின்மேல் போட்டாள். கொடியிலிருந்து நாத்தனாரின் துணிகளையும் ஒரு போர்வையையும் உருவி அதே பையில் திணித்தாள்.

"மன்னிச்சிட்டேன்னு நினைக்காத" என்றாள் அவளிடம். "அதெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரில கூட இருக்க ஒரு பொம்பளை வேணும்."

சம்பந்தி வாசலிலேயே நின்றுவிட்டார். உள்ளே வந்தால், தான் சந்தேகப்பட்ட அண்ணியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே என்றிருந்தது.

மெக்கானிக் மட்டும் இருந்த இடத்தைவிட்டு நகரவில்லை. பிளாஸ்கை எடுத்து, மூடியில் ஊற்றி, எல்லார் முன்னாலும் ஒரே மூச்சில் குடித்தான். மறுபடி ஊற்றினான். பாதி சட்டையில் போயிற்று.

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நாத்தனாரைத் தாங்கி எழுப்பினாள். அவனைத் தாண்டிப் போகும்போது ஒரு நொடி நின்றாள்.

"விடியக்காலைல கலக்கினது. கசந்துபோயிருக்கும்" என்றாள்.

அவன் குடித்துக்கொண்டே இருந்தான்.