தூசி படியாத சீட்

நெய்வேலியில் எதன் மேல்தான் தூசி படியாது? ராத்திரி முழுக்கச் சுரங்கத்துப் பழுப்புத் தூசி சத்தமில்லாமல் இறங்கி, கொடியில் காயும் சட்டை, தண்ணீர்க் குடம், முருங்கை இலை என்று ஒன்றையும் விடாமல் பூசிவிட்டுப் போகும். அன்று விடியற்காலை, ஜன்னல் கண்ணாடிகளைக் கழற்றிப்போட்ட பந்தயக் காரைத் துடைக்கப் போன காந்திமதிக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. காருக்குள் எங்கும் தூசி. டிரைவர் சீட்டில் மட்டும் ஒரு பொட்டுகூட இல்லை. முதுகு சாய்ந்த இடமும் தொடை பதிந்த இடமும் கறுப்பாகப் பளபளத்தன. தொட்டாள். சூடாக இருந்தது.

அவள் புருஷன் வேணுவின் அண்ணன் சிங்காரவேலின் கார் அது. கிரிக்கெட்டை அப்போது நாட்டில் யார் சீந்தினார்கள்? வெள்ளைக்காரன் விட்டுப்போன மோட்டார் பந்தயப் பித்துதான் எங்கும். அகில இந்தியப் பந்தயம் வருஷாவருஷம் நெய்வேலி ரோடுகளில்தான் நடக்கும். எழுபத்தேழாம் வருஷப் பந்தயத்தில், வளைவிலிருந்த புளியமரத்தில் மோதி, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே செத்துப்போனார் சிங்காரவேல். இருந்தவரை தம்பியைக்கூட ஓட்டவிட்டதில்லை. "என் வண்டில எவனா இருந்தாலும் பக்கத்து சீட்டுதான்டா" என்பார், வாயில் பன்னீர்ப் புகையிலை மணக்க. ஒரு வருஷமாக உடைசலைத் தட்டி நிமிர்த்தி, வேணு இன்று அதைப் பந்தயத்துக்கு எடுக்கிறான்.

"இன்னிக்கு ஓட்ட வாணாங்க. ராவெல்லாம் உள்ள யாரோ உக்காந்துகினு இருந்திருக்காங்க."

"பூனை படுத்திருக்கும்டி. குவார்ட்டர்ஸு அண்ணன் பேர்ல இருக்கு, காலி பண்ணச் சொல்லிட்டாங்க. ஜெயிச்சா சுரங்கத்துல கான்ட்ராக்ட் போயி எனக்கு வேலை பர்மனென்ட்னு கம்பெனி சொல்லியிருக்கு, நமக்கு வூடு. தோத்தா கைக்குழந்தையத் தூக்கிகினு எங்க போவ?"

பாழாய்ப்போன வீடு! அவன் ஏறி உட்கார்ந்ததும் காருக்குள்ளிருந்து குப்பென்று புகையிலை வாசம் அடித்தது. வேணு வெற்றிலைகூடப் போடமாட்டான்.

மத்தியானம் அதே வளைவில், கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு இடுப்பில் குழந்தையோடு நின்றாள். கார்கள் உறுமிக்கொண்டு வர, கருகிய ரப்பர் நாற்றமும் புழுதியும் தொண்டையை அடைக்க, ஒவ்வொரு சுற்றிலும் வேணு அந்த மரத்தைத் தாண்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. கடைசிச் சுற்று. முன்னால் வேணு. மரத்தைத் தாண்டிவிட்டான். கொஞ்ச தூரத்தில் கட்டம்போட்ட கொடி அசைந்தது. ஜெயித்துவிட்டான்!

"உனுக்கு வூடு நிலைச்சிடுச்சிடி!" என்று பக்கத்து வீட்டு அமிர்தம் கட்டிக்கொண்டாள். காந்திமதி அழுதேவிட்டாள்.

மற்ற கார்கள் ஒவ்வொன்றாக நின்றன.

வேணுவின் கார் நிற்கவில்லை. கொடிக்காரர்கள் சிதறி ஓடினார்கள். இன்னொரு சுற்று. மறுபடியும் வளைவு. வேகம் குறையவில்லை. காற்றில் பன்னீர்ப் புகையிலை.

வேணு பக்கத்து சீட்டில் இருந்தான். ஜன்னலுக்கு வெளியே இரண்டு கைகளும் அவளை நோக்கி நீண்டிருந்தன. வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. டிரைவர் சீட்டில் யாருமில்லை. உள்ளே சுழன்ற பழுப்புத் தூசி அங்கே மட்டும் நுழையாமல், ஓர் ஆள் அளவுக்கு ஒதுங்கி நின்றது.

ஸ்டியரிங் திரும்பியது. மரத்தின் பக்கமாக.