மூன்று பேர் வீட்டின் நான்காவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அம்பலவாணன் குளித்து முடித்துத் துவைத்த வேட்டி கட்டிக்கொண்டு அடுக்ககத்தின் நிலவறைக்கு இறங்கினார். பின்னாலேயே மகன் பூவரசன் வந்தான். கீழே வீட்டுக்கு ஒன்றாக நாற்பத்தெட்டு நிலைப்பேழைகள் வரிசையாக இருந்தன. இருபத்தேழாம் எண் பேழையின் மூடியைத் திறந்ததும், மருமகள் ஜோதிமணி ஒரு கொட்டாவிகூட விடாமல் எழுந்து உட்கார்ந்தாள். "அதுக்குள்ள ஒரு வாரமா?" என்றபடி அவள் இறங்க, மாமனார் ஏறிப் படுத்துக்கொண்டார்.

நிலைப்பேழை என்னவோ சாமான் போட்டுவைக்கத்தான் வந்தது. மூடியை மூடினால் உள்ளே காலம் நின்றுவிடும். கட்டில், மிதிவண்டி, கொலு பொம்மை என்று எதைப் போட்டாலும் கரையான் அரிக்காது, துரு ஏறாது. சித்திரையில் வைத்த மாம்பழம் தை மாதத்தில் அதே மணத்தோடு வெளியே வரும். திறந்து மூட மின்சாரம் தாறுமாறாக இழுக்கும் என்பதால் ஞாயிறு காலை ஒன்பதிலிருந்து பத்துவரை மட்டும் திறக்கலாம் என்பது அடுக்ககச் சங்கத்தின் விதி. உயிருள்ள எதையும் உள்ளே வைக்கக் கூடாது என்பது இன்னொரு விதி. மீறினால் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான்.

ஆனால் இருபத்தேழாம் வீட்டில் இடம் பற்றாதது சாமானுக்கு இல்லை, ஆளுக்கு. சென்னையில் தலைக்கு இவ்வளவு தண்ணீர் என்று ஆன பிறகு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஆளெண்ணி பொருத்தியிருந்தார்கள். உள்ளே எத்தனை பேர் மூச்சு விடுகிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டே இருக்கும். ஒப்பந்தத்தில் மூன்று பேர் என்று எழுதிவிட்டு நான்காவது ஆள் ஒரு நாள் தங்கினால் குழாய் நின்றுவிடும், வீட்டுக்காரருக்கும் செய்தி போய்விடும். பூவரசன், ஜோதிமணி, ஏழு வயது நறுமுகை என்று கணக்கு சரியாக இருந்த வீட்டுக்கு, பேருந்து ஓட்டுநர் வேலையில் ஓய்வு பெற்று அப்பா வந்து சேர்ந்தார். அம்மா முன்பே போய்விட்டாள். நான்கு பேர் வீட்டுக்கு மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்தார்கள். பேழைக்குள் மூச்சு கிடையாது, மூச்சில்லாத ஆளை ஆளெண்ணிக்கு எண்ணத் தெரியாது. அதனால் பெரியவர்கள் மூவரும் வாரம் ஒருவராக முறை வைத்துக்கொண்டார்கள்.

முதலில் ஜோதிமணியின் முறை போனது. அவளுக்குப் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஒரு வாரம் காணாமல் போகும் டீச்சரை எந்தப் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளும்? அடுத்து பூவரசனுக்குப் பதவி உயர்வு வந்தது.

"எனக்கென்ன வெட்டி முறிக்கிற வேலையா இருக்கு? நானே படுத்துக்கறேன்," என்றார் அம்பலவாணன். "உள்ள ஒண்ணுமே தெரியலடா. கண்ண மூடுறேன், நீ தொறக்குற. அவ்ளோதான்."

அவர் சொன்னது உண்மை. உள்ளே பசி கிடையாது, வலி கிடையாது, பொழுது போகவில்லையே என்ற சலிப்பும் கிடையாது. அவருக்கு ஒன்றுமே தெரியாததால், அவரிடமிருந்து தாங்கள் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை என்று மகனும் மருமகளும் நம்பிவிட்டார்கள். பாவம், நம்ப வேண்டியிருந்தது. வாரம் மாதமாயிற்று. மாதம் ஒரு ஞாயிறு மேலே வந்து ஒரு மணி நேரம் பேத்தியோடு உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். "தாத்தா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள ரெண்டு பல்லு போயிடுச்சே!" என்று அவள் வாயைப் பிடித்துப் பார்ப்பார்.

ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு நிலவறையில் ஈரம் பார்க்கச் சங்கச் செயலாளர் மங்களேஸ்வரி வந்தார். அந்த அம்மாள் கறாரானவர் என்று பெயர். இருபத்தேழாம் பேழை முன்னால் அவர் நின்றபோது பூவரசனுக்கு வியர்த்துக் கொட்டியது.

"உள்ள என்ன சார்?"

"பழைய ஃப்ரிட்ஜ் மேடம்."

பேழையின் எடைகாட்டியைப் பார்த்தார். "அறுபத்தெட்டு கிலோ. ஃப்ரிட்ஜ்," என்று எழுதிக்கொண்டார். இரண்டடி நகர்ந்தவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எங்க பேழையில அம்பத்தோரு கிலோ தையல் மெஷின் இருக்கு. என் மாமியார்."

பூவரசன் சுற்றுமுற்றும் பார்த்தான்.

"பயப்படாதீங்க சார். இந்த பில்டிங்ல யார் வீட்லதான் இல்ல? தொறந்து பாத்தா எழுதியாகணும். அதனால நான் எதையும் தொறக்கறதில்ல."

அன்று அவன் சீட்டியடித்துக்கொண்டு படியேறினான். வினை அங்கேதான் ஆரம்பித்தது. பயம் இருந்தவரை, அப்பாவுக்கு ஏதாவது ஆகியிருக்குமோ என்று மாதம் தவறாமல் திறந்தான். ஊரே செய்கிறது என்று தெரிந்ததும் அந்தப் படபடப்பு போய்விட்டது. பரீட்சை முடியட்டும், வெள்ளையடித்து முடியட்டும், நான்கு பேர் வீடு வரட்டும் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிப்போயிற்று. இன்னொன்றை அவன் ஜோதிமணியிடம்கூடச் சொன்னதில்லை. தள்ளிப்போட்ட நாள் கூடக் கூட, அப்பா முகத்தைப் பார்க்கக் கூசியது. அவர் நாலு வார்த்தை திட்டினாலாவது தேவலை. மனிதர் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பார்.

நறுமுகையின் கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்தது. நல்லவேளையாக மண்டபத்தில் ஆளெண்ணி இல்லை. அப்பாவை எழுப்பி அழைத்துப்போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் அவரைப் பூவரசனின் அண்ணன் என்று நினைத்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் பூவரசனுக்கு ஐம்பத்தேழு வயதாகி, ரத்தக்கொதிப்பும் மூட்டு வலியும் வந்திருந்தன. அப்பாவுக்கு அறுபது நிறையவில்லை. இந்த வயதுக்காரரை 'அவன்' என்று சொல்லலாமா என்றால், அப்பா பக்கத்தில் இருக்கும்வரை சொல்லலாம்.

தாலி கட்டி முடிந்ததும் அம்பலவாணன் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்தாவப் போவுது. நான் கெளம்பறேம்மா, பேழைய மூடணும்."

ஜோதிமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே வேணாம் மாமா. பாப்பா கோயம்புத்தூர் போயிடுவா. வீட்ல நாம மூணு பேர்தான்."

அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் அந்த வீடு சந்தோஷமாக இருந்தது. காலையில் காய்கறி வாங்கி வருவார். மகனின் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுவார். மத்தியானம் வெறுமனே பால்கனியில் நின்று தெருவில் போகும் பேருந்துகளைப் பார்த்துக்கொண்டிருப்பார், அதற்கே அவருக்கு நேரம் போதவில்லை.

நான்காவது வாரம் வீட்டுக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. ஆழ்குழாயில் தண்ணீர் இறங்கிவிட்டதாம். ஞாயிறு முதல் எல்லா வீட்டிலும் ஓர் ஆள் குறையும். இருபத்தேழாம் வீட்டில் இனி இரண்டு பேர்.

அம்பலவாணன் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். "அதுக்கென்ன, எனக்குப் பழகுன எடம்தானே," என்றார்.

"நீங்க போகக் கூடாது," என்றாள் ஜோதிமணி. அந்த வீட்டில் யாரும் அவள் அப்படிக் கத்திக் கேட்டதில்லை. "உங்க முறை, அவர் முறை, என் முறை எல்லாத்தையும் நீங்களே படுத்துட்டீங்க மாமா. இந்த வாட்டி அவர் போகட்டும். அடுத்த வாரம் நான்."

பூவரசன் தலையாட்டினான். ஆனால் உள்ளுக்குள் நடுங்கிவிட்டான். இளவயதில் அதே பேழையில் அலட்சியமாகப் படுத்து எழுந்தவன்தான். அப்போது அவனுக்குத் தெரியாத ஒன்று இப்போது தெரியும். ஒரு வாரம் எப்படி மாதமாகும், மாதம் எப்படி வருடமாகும் என்பதை அவனைவிட நன்றாக அறிந்தவர் அந்த அடுக்ககத்தில் இல்லை.

ஞாயிறு காலை பேழைக்குள் படுத்தான். அப்பா மூடியைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

"அப்பா."

"சொல்றா."

"எப்போ தொறப்பீங்க?"

கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது. இந்தக் கேள்வியை அப்பா தன்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"வர்ற ஞாயித்துக்கிழம. வேற எப்போ?" என்றார் அம்பலவாணன். மூடி இறங்கியது.

உடனே ஏறியது. பூவரசன் முதலில் அப்பாவின் தலையைத்தான் பார்த்தான். நரை கூடவில்லை. முகத்தில் ஒரு சுருக்கம்கூடப் புதிதாக இல்லை. ஒரே ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"எந்திரிப்பா, ஒம்பதாச்சு," என்றார் அப்பா. "ஜோதிக்குப் பள்ளிக்கூடத்துல பரீட்சை நேரமாம். அவ முறைக்கு நான் படுத்துக்கறேன்."

பூவரசன் எழுந்திருக்கவில்லை. பேழையின் விளிம்பை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு அழுதான். எழுந்தால் அந்த மூடியை மறுபடியும் அவன்தான் மூட வேண்டும்.