புடாபெஸ்டில் இரண்டு நிழல்கள்

துண்டு ஈரமாக இருந்தது.

வளைகுடாவில், ருவைஸ் எண்ணெய் பிளாண்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து வந்து, முஸஃபாவில் இறங்கி, மாடியேறிக் கதவைத் திறந்த சேதுராமன் அதை வேண்டுமென்று தொடவில்லை. பையை வைக்கக் கை நீட்டியபோது, சைக்கிளின் ஹேண்டில்பாரில் தொங்கிய துண்டு விரலில் பட்டது. வாரம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீடு. ஏ.சி. ஓடவில்லை. ஆகஸ்டு வெயில் சுவருக்குள் இறங்கி, கதவுக் கைப்பிடியையும் சோபாவையும் குழாய்த் தண்ணீரையும் சுடவைத்திருந்தது. பால்கனியில் போட்ட துணி அப்பளமாய்ப் பொரிகிற மாதம். அந்த வீட்டில் ஒரு துண்டு மட்டும் ஈரமாக இருந்தது.

முகர்ந்து பார்த்தான். வியர்வை. தேங்காய் எண்ணெய். சந்தன சோப்பு.

மனைவி மஹதி இறந்து மூன்று மாதம் ஆகிறது.

துண்டை இருந்த இடத்திலேயே போட்டுவிட்டு ஏ.சி.யைத் தட்டினான். கொஞ்ச நாளாக எதுவும் அவனுக்குள் போவதில்லை. திருச்சியில் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் டூட்டிக்குத் திரும்பிவிட்டான். கண்ணில் சொட்டுத் தண்ணீர் வரவில்லையே, என்ன மனுஷன் என்று அவள் சித்தி சொன்னது காதில் விழுந்தது. அதுவும் உள்ளே போகவில்லை.

சைக்கிள் அவன் வாங்கித் தந்ததுதான். நின்ற இடத்திலேயே நிற்கும் சைக்கிள். எதிரே டி.வி.; மிதித்தால் அதில் ஊர் நகரும். கல்யாணமான நாளிலிருந்து மஹதி புடாபெஸ்ட் புடாபெஸ்ட் என்று உயிரை வாங்கினாள். ஏதோ ஒரு படத்தில் ஆற்றுப் பாலமும், அதன் முனையில் கல் சிங்கங்களும் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு வருஷமும் பிளாண்டை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வந்து லீவைத் தின்றது. கடைசியில் இதை வீட்டில் இறக்கி, "விசா வேண்டாம், லீவு வேண்டாம், போய்ட்டு வா" என்றான். அவள் சிரித்தாள். அதன் மேல்தான் செத்தும் போனாள். இதயம் நின்றுவிட்டது என்றார்கள். இருபத்தொன்பது வயது.

அழைப்பு மணி அடித்தது. எதிர்வீட்டுப் பத்ருன்னிசா. கீழக்கரைக்காரர். கையில் மூடிய தட்டு.

"இடியாப்பம் வச்சிருக்கேன் தம்பி. கட்டடமே காலி, எல்லாரும் ஊருக்குப் போயாச்சு. பேச்சுத் துணைக்கு லிஃப்ட் சத்தம்தான் இருக்கு." தட்டைக் கொடுத்துவிட்டு அவர் போகவில்லை. "இந்த வாரம் லீவு போட்டு வீட்டுல இருந்தீங்களா?"

"இல்லீங்க. இப்பத்தான் வர்றேன்."

"சைக்கிள் சத்தம் கேட்டுச்சே."

அந்த அம்மாளின் பார்வை அவன் தோளைத் தாண்டி உள்ளே போய், சட்டென்று திரும்பி வந்தது.

"ஒண்ணு சொல்லணும் தம்பி. புள்ள போன அன்னைக்கு, மத்தியானம் லுஹர் பாங்குக்கு முன்னாடியே சத்தம் ஆரம்பிச்சிருச்சு. மஃரிபு ஆகி இருட்டியும் நிக்கல. அதான் வாட்ச்மேனக் கூப்பிட்டேன். தொறந்தா, புள்ள ஹேண்டில் மேல சாஞ்சு கெடக்கு. சில்லுன்னு இருக்கு. சக்கரம் மட்டும் சுத்துது. போலீஸ்ல நான் அதச் சொல்லல. பைத்தியம்னு நெனைப்பாங்க."

"ம்."

"கடைசி வரைக்கும் ஒங்களோட சிரிச்சுப் பேசிக்கிட்டுதானே போச்சு. அந்த ஒரு ஆறுதல்."

"என்னோடயா?"

"பின்னே? தெனம் மத்தியானம் ஒரே சிரிப்பால்ல இருக்கும். கேட்டா, 'அவரும் ருவைஸ்ல ஓட்டுறாரு அக்கா, ரெண்டு பேரும் சேந்துதான் போறோம்'னு சொல்லும்."

கதவைச் சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றான். பிளாண்ட் கேட்டில் செல்போனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். மாலையில்தான் திருப்பித் தருவார்கள். ஒரு மத்தியானம்கூட அவன் அவளோடு பேசியதில்லை.

மூன்று மாதத்தில் முதல் முறையாக ஏதோ ஒன்று உள்ளே போனது. அழுகை இல்லை. நெஞ்சுக்குக் கீழே பழுக்கக் காய்ச்சிய கம்பி. இங்கே தனியாகக் கிடக்கிறாளே என்று அவன் வருந்திய மத்தியானங்களில், அவள் இன்னொருவனோடு சிரித்திருக்கிறாள். சாகும்போதும் அவன்தான் கூட இருந்திருக்கிறான். யார் அவன்?

அது தெரியாமல் இந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூட இறங்காது.

சைக்கிளில் ஏறி உட்கார்ந்தான். சீட் அவள் உயரத்தில் இருந்தது. டி.வி.யைப் போட்டு, காதில் ஹெட்போனை மாட்டினான். இந்த இயந்திரத்தில் ஒரு வசதி உண்டு. முன்பு அதே பாதையில் ஓட்டியதை வெள்ளை நிழலாக எதிரே ஓடவிடும், துரத்திப் பிடிக்கலாம். கூட யாராவது வேறு ஊரிலிருந்து ஓட்டியிருந்தால் அவரும் நிழலாக வருவார்; ஹெட்போனில் பேசிக்கொண்டே போகலாம். அவளுடைய கடைசிச் சவாரியைத் தேர்ந்தெடுத்து மிதித்தான்.

இருபுறமும் மரங்கள் நின்ற அகலமான சாலை ஒன்று திரையில் திறந்தது. புடாபெஸ்டில் மழை தூறிக்கொண்டிருந்தது. கருங்கல் பாவிய தெருக்களில் சக்கரம் தடதடக்கும் ஓசை காதில் ஏறியது. மஞ்சள் டிராம் ஒன்று மணியடித்தபடி கடந்தது. பச்சைக் களிம்பேறிய செம்புக் கூரைகளுக்குப் பின்னால் வானம் ஈரச் சாம்பலாகக் கிடந்தது. தூரத்தில் ஒரு வெள்ளை நிழல். தலைக்கு மேல் பெயர்: மஹதி. இடது தோளைக் கொஞ்சம் தூக்கி ஓட்டுவாள். நிழலும் தூக்கியிருந்தது.

அதன் பக்கத்திலேயே, கைப்பிடி உரசும் நெருக்கத்தில், இன்னொரு நிழல்.

அவன் வேகமாக மிதித்தான். ஆற்றங்கரை வந்தது. கூர்கூரான கோபுரங்கள் கொண்ட பெரிய மாளிகையின் அடியில் இருவரும் வளைந்து போனார்கள். அவள் மெதுவாகப் போனால் அதுவும் மெதுவாகப் போனது. தெரு முனைகளில் அவளுக்காகக் காத்து நின்றது. அப்படியொரு அக்கறை. ஒரு வெள்ளிக்கிழமையாவது அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனோமா என்று நினைத்தான். அந்த நினைப்பு கோபத்தை இன்னும் கூட்டியது. தொடை எரிந்தது. சட்டை முதுகில் ஒட்டியது. ஏ.சி. ஓடியும் அறை குளிரவில்லை.

பாலத்தின் கல் சிங்கங்களிடம் நெருங்கிவிட்டான். பெயரைப் படித்தான்.

சேது.

தூ என்று வாய்விட்டுச் சொன்னான். கள்ளத்தனத்துக்கு வைக்க என் பெயர்தானா கிடைத்தது? அவளைத் தவிர யாரும் அவனை அப்படிக் கூப்பிடுவதில்லை. அதைக்கூட எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

மிதித்துக்கொண்டிருந்தபோதே அந்த ராத்திரி போன்கள் ஞாபகத்துக்கு வந்தன. ருவைஸ் கேம்ப் கட்டிலில் கண் சொக்கிக் கிடப்பான். அவள் பேசிக்கொண்டே இருப்பாள்.

"நேத்து பாலத்துல என்ன விட்டுட்டுப் பறந்துட்டியே, ஞாயமா?"

"ம்."

ஏதோ கனவைச் சொல்கிறாள் என்று நினைத்திருந்தான். நினைக்கக்கூட இல்லை. தூங்கிவிட்டான்.

"சேது, நீதானே வர்ற? சில நேரம் நீ பேசாம வர்றப்ப எனக்கு ஒரு மாதிரி இருக்கு."

"ம், நான்தான்."

கடைசி இரவு என்ன கேட்டாள்? பாலத்துக்கு அப்புறம் மலைக்கு அடியில் ஒரு டன்னல் இருக்கு, பாதை அதுக்குள்ள போகாது, வெளியிலேயே திரும்பிடும். ஆனா நீ அங்கேயே நிக்கிறியே, உள்ள போலாமா நாளைக்கு?

"போலாம்" என்று சொல்லியிருந்தான். போனை வைக்கும் அவசரத்தில்.

கம்பி குளிர்ந்தது. அவள் யாரோடும் போகவில்லை. அவனோடுதான் போயிருந்தாள். அவன்தான் ஒவ்வொரு இரவும் ஆமாம் என்று சொல்லி அவளை அதன் கையில் கொடுத்திருந்தான்.

எதன் கையில்?

காலை எடுக்கப் பார்த்தான். வரவில்லை. மிதிகள் அவன் காலைத் தூக்கித் தூக்கி இறக்கின. பாலம் முடிந்தது. எதிரே மலை. மலைக்கு அடியில் தூண்கள் வைத்த வாய். பாதை இடப்பக்கம் திரும்பியது. நிழல்கள் திரும்பவில்லை.

மஹதியின் நிழல் வாசலில் தயங்கியது. மற்றது அவள் முதுகில் கை வைத்தது.

உள்ளே போனார்கள்.

அவன் திரையும் நேராகவே போனது.

இருட்டு.

தடதடப்பு நின்றது. டிராம் இல்லை. மழை இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அவனுடையது இல்லை.

கறுத்துப்போன டி.வி.யில் அறை தெரிந்தது. பிரதிபலிப்பு. திரைச்சீலை, சோபா, சைக்கிள். சுவரில் மளிகைக்கடைக் காலண்டர்.

மே மாதம். அவள் செத்த மாதம்.

சைக்கிளில் அவன் இல்லை.

மஹதி இருந்தாள். கழுத்தில் ஈரத் துண்டு. காதில் ஹெட்போன். முகம் வெளுத்து, வியர்த்து. இடது தோளைத் தூக்கி, மெதுவாக மிதித்தபடி, நேராக அவனையே பார்த்தாள். டி.வி.யைப் பார்ப்பதுபோல்.

"சேது? நீதானே?"

பயந்திருந்தாள். அவன் வாயைத் திறந்தான். இறங்கு. இறங்கிடு. நான் இல்லை. தொண்டைக்குள் ஏதோ புரண்டு படுத்தது.

"ம், நான்தான்."

அவள் முகம் தெளிந்தது. துண்டால் நெற்றியைத் துடைத்து, அதை ஹேண்டில்பாரில் போட்டாள்.

"உள்ள போலாமா?"

நாக்கைக் கடித்தான். ரத்தம் உப்புக் கரித்தது. இன்னும் கடித்தான்.

"போலாம்" என்றது அவன் குரல்.

மஹதி சிரித்துக்கொண்டே வேகமாக மிதிக்கத் தொடங்கினாள்.