மூடியைத் திருகு!

சாந்தினியின் வீட்டில் குப்பையே இல்லை. அவளுக்கு வந்த கோபத்துக்கு அதுதான் காரணம்.

பள்ளியில் மறுபயனீட்டுக் கைவினைப் போட்டி வைத்திருந்தார்கள். "வீட்டுல வேணாம்னு தூக்கிப் போடற சாமானக் கொண்டு வாங்க," என்று ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியை ஷீலா டீச்சர் சொல்லியிருந்தார். வகுப்பில் எல்லாரும் எதையாவது கொண்டு வருவார்கள். சாந்தினி மட்டும் கையை வீசிக்கொண்டு போவதா?

அவள் சமையலறையில் ஓர் ஐஸ்கிரீம் டப்பாவைத் தூக்கினாள்.

"அதுல நெத்திலி இருக்கு. வை!" என்றார் அம்மா பிரேமாவதி.

பிஸ்கட் டின்னைத் தூக்கினாள்.

"அதுல ஊசி நூலு."

வாசலில் இருந்த பழைய பெயின்ட் வாளியில் கறிவேப்பிலைச் செடி வளர்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் கிழிந்த டீ-சட்டை தரை துடைக்கும் துணியாகி வெகுநாள் ஆகிவிட்டது.

"நம்ம வீட்டுல வேணாங்கிற சாமான் ஒன்னுகூடவா இல்ல?" சாந்தினி காலைத் தரையில் உதைத்தாள்.

"வாயாடுற புள்ள ஒன்னு இருக்கு. கொண்டு போறியா?"

தம்பி தர்வின் விழுந்து விழுந்து சிரித்தான். அவன் ஒன்றாம் ஆண்டு படிப்பவன். அவன் சிரித்ததும் சாந்தினிக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

அம்மா கூலிம் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர். கம்பெனி பஸ் வந்துவிட்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "திகாம் பத்து ஊரு முழுக்கக் குழாயில தண்ணி இல்ல. எப்ப வரும்னு தெரியாது. தம்பி ஸ்கூல் சட்டையில கறை படாமப் பாத்துக்க. தொவைக்கத் தண்ணி கெடையாது. நீதான் பொறுப்பு, சொல்லிட்டேன்."

மறுநாள் ஓய்வு நேரத்தில் தர்வின் சிற்றுண்டிச்சாலைக்கு வெளியே நின்றான். மீ கோரேங் நூடுல்ஸ் சாப்பிட்ட கை, முழங்கை வரை சிவப்பாக இருந்தது. வெள்ளைச் சட்டையிலும் ஐந்து விரல்கள் அப்படியே பதிந்திருந்தன.

"டேய்! கை கழுவத் தெரியாதா?"

"தண்ணி வரலக்கா," என்றான் தர்வின். அழுதுவிடுவான் போலிருந்தது.

அவன் பின்னால் ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். யார் சட்டையும் வெள்ளையாக இல்லை. ஒரு குட்டிப் பெண் தன் கையை முன்னால் நின்றவன் முதுகில் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிக்குத் தன் தண்ணீர்ப் போத்தலை எடுத்து வரலாம் என்று சாந்தினி வகுப்புக்கு ஓடினாள். வகுப்பின் பின்பக்கம் களக் களக்கென்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள்.

வகுப்புத் தலைவன் திவாகரனும் இன்னும் நான்கு பேரும் பெட்டி பெட்டியாகத் தண்ணீர்ப் போத்தல்களை அடுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் கடையில் வாங்கிய புதுப் போத்தல்கள். ஒவ்வொன்றாகத் திறந்து சாக்கடையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள்.

சாந்தினி வகுப்பைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள்.

"டேய்! என்னடா பண்றீங்க?"

"காலி போத்தல் வேணும்லா," என்றான் திவாகரன் அமைதியாக. "இரட்டைக் கோபுரம் கட்டப் போறோம். எல்லாம் ஒரே சைஸா இருக்கணும்னு எங்கப்பாகிட்ட சொல்லி வாங்கிட்டு வந்தேன்."

"ஊரே தண்ணி இல்லாம அலையுது! நீ நல்ல தண்ணியக் கொண்டாந்து லொங்கான்ல ஊத்துறியா? குப்பையில செய்யச் சொன்னா, காசு குடுத்துக் குப்பைய வாங்குறியா?"

"ஒன் வீட்டுலேர்ந்து நீ என்ன கொண்டு வந்த? ஒன்னுமில்ல! பேச வந்துட்டா."

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. சன்னலை ஒட்டித்தான் சாந்தினியின் மேசை. வெளியிலிருந்தே கையை உள்ளே விட்டாள், கணிதப் பெட்டியிலிருந்து கவராயத்தை எடுத்தாள். தண்ணீர்ப் பெட்டியில் இருந்த ஒரு நிறை போத்தலைப் பிடுங்கி, அடிப்பக்கத்தில் ஒரே குத்து!

"இப்பக் கட்டு ஒன் கோபுரத்த!"

கவராயத்தை உருவினாள். எல்லாரும் பின்வாங்கினார்கள். ஆனால் தண்ணீர் பீய்ச்சவில்லை. ஒரு சொட்டு எட்டிப் பார்த்துவிட்டு நின்றுவிட்டது.

திவாகரன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தியா? தண்ணிகூட ஒன்னைய மதிக்கல!"

அவன் போத்தலைப் பிடுங்கிக் கொட்டுவதற்காக மூடியைத் திறந்தான். அவ்வளவுதான். ஓட்டையிலிருந்து நூல் மாதிரி தண்ணீர் பாய்ந்து வந்து அவன் கால்சட்டையை நனைத்தது. நனைந்த இடம் சரியில்லாத இடம். பையன்கள் சிரித்தே சாய்ந்தார்கள். திவாகரன் பதறிப்போய் மூடியை இறுக்கினான். தண்ணீர் நின்றது.

சாந்தினி சிரிக்கவில்லை. ஓட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னொரு தடவ தொற," என்றாள்.

"போலா! எனக்கு வேற கால்சட்டை இல்ல."

அவளே வாங்கித் திறந்தாள், தண்ணீர் வந்தது. மூடினாள், நின்றது. சட்டென்று திரும்பிச் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் ஓடினாள்.

"தர்வின்! கைய நீட்டு!"

சிவப்புக் கை இரண்டும் சுத்தமாயின. போத்தலில் கால்வாசித் தண்ணீர்கூடக் குறையவில்லை. அதற்குள் அடுத்த கை நீண்டது, அதற்கடுத்த கையும் நீண்டது.

சத்தம் கேட்டு ஷீலா டீச்சர் வகுப்பின் பின்பக்கம் வந்தார். சாக்கடையைப் பார்த்தார், காலிப் போத்தல்களைப் பார்த்தார், முகம் கறுத்தது.

"யார் இதையெல்லாம் ஊத்தச் சொன்னது?"

"நீங்கதான டீச்சர் காலி போத்தல் கொண்டு வரலாம்னு சொன்னீங்க," என்றான் திவாகரன்.

டீச்சர் சிற்றுண்டிச்சாலைப் பக்கம் பார்த்தார். அங்கே சாந்தினியின் போத்தல் முன்னால் பிள்ளைகள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள்.

அன்று பிற்பகல் டீச்சர் ஓட்டை போட, மற்றவர்கள் ராஃபியா கயிற்றைக் கட்ட, சிற்றுண்டிச்சாலை வேலி நெடுகப் போத்தல்கள் தொங்கின. காலியானவற்றைத் தண்ணீர் லாரி வந்தபோது நிரப்பிக்கொண்டார்கள். சிந்துகிற தண்ணீர் வீணாகாமல் பூச்செடிகளின் மேலேயே தொங்கவிட்டார்கள். சிற்றுண்டிச்சாலை அக்கா கொடுத்த வெங்காய வலைப் பையில் சோப்பைப் போட்டு நடுவில் மாட்டினாள் சாந்தினி.

திவாகரன் கயிறு கட்டினான். ஆனால் உதட்டைப் பிதுக்கிக்கொண்டேதான் கட்டினான்.

போட்டி நாள் வந்தது. மண்டபத்தில் வகுப்புக்கு ஒரு மேசை. குழாயில் இன்னும் தண்ணீர் வரவில்லை.

"சாந்தினி, போத்தலெல்லாம் கழட்டிக் கொண்டாந்து மேசையில வைங்க. நீதிபதிங்க வந்துட்டாங்க," என்றார் டீச்சர்.

"முடியாது டீச்சர். சின்னப் புள்ளைங்க பசியாறுற நேரம். கழட்டுனா எதுல கழுவுவாங்க?"

"கொஞ்ச நேரந்தான்லா!" என்று கத்தினான் திவாகரன். "மேசை காலியா இருந்தா நாம தோத்துருவோம்!"

"தோத்தா தோத்துட்டுப் போவோம்! சட்டைய யாரு தொவைக்கிறது? நீயா?"

கடைசியில் திவாகரன் ஒரே ஒரு போத்தலைக் கொண்டுபோய் மேசையில் வைத்தான். நீதிபதிகள் வந்தார்கள்.

"இது என்ன தம்பி, தண்ணிப் போத்தலா?"

"இல்ல சார், இது குழாய்!" என்று திவாகரன் ஆர்வமாக மூடியைத் திறந்தான். தண்ணீர் நேராக நீதிபதியின் காலணியில் விழுந்தது. அவர் எதையோ குறித்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

முதல் பரிசு ஆறாம் ஆண்டுக்கு. அவர்கள் அட்டைப் பெட்டிகளிலும் காகிதக் குவளைகளிலும் பெரிய கோட்டை கட்டியிருந்தார்கள். குழுத் தலைவி கேரன் கோப்பையை வாங்கினாள்.

திவாகரனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலியோரம் வந்து சாந்தினியிடம் பொரிந்தான். "அந்தச் சாருக்கு ஒன்னுமே தெரியல! இங்க வந்து பாத்தாங்களா? அந்தக் கோட்டையில யாராச்சும் கை கழுவ முடியுமா?"

சாந்தினி அவனை உற்றுப் பார்த்தாள். இதையெல்லாம் சொல்வது திவாகரன்தானா?

அப்போது ஆறாம் ஆண்டுக்காரர்கள் கும்பலாக வந்தார்கள். படம் பிடிக்கக் கோட்டையைத் தூக்கியபோது அது சரிந்துவிட்டது. மறுபடி ஒட்டியதில் எல்லார் கையிலும் கோந்து. கேரன் கோப்பையை முழங்கையால் அணைத்துக்கொண்டு வந்தாள். விரல்களைப் பிரிக்கவே முடியவில்லை.

"இங்க தண்ணி இருக்காமே?" என்றாள்.

"இருக்குக்கா. மூடியத் திருகணும்," என்றான் தர்வின் பெரிய மனிதனைப் போல.

கேரன் கோப்பையைப் பார்த்தாள், போத்தலைப் பார்த்தாள். பிறகு சாந்தினியிடம் திரும்பினாள். "இதக் கொஞ்சம் புடிச்சிக்கிறியா?"

சாந்தினி கோப்பையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அது பளபளவென்று கனமாக இருந்தது. திவாகரன் பக்கத்தில் வந்து ஒட்டி நின்றுகொண்டான்.

கேரனுக்குப் பின்னால் ஆறாம் ஆண்டு முழுவதும் வரிசையில் நின்றது.

"நல்லா மெதுவாக் கழுவுங்கக்கா," என்றாள் சாந்தினி. "எங்களுக்கு ஒன்னும் அவசரம் இல்ல."